விலையை மாற்றினால் பழைய ஆர்டர்களின் தொகையும் மாறுகிறதா?

வணக்கம். உங்கள் இணையக் கடையில் பொருளின் விலையைத் திருத்தியதும் போன மாத ஆர்டர்களின் மொத்தமும் சேர்ந்து மாறிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். டேட்டாபேஸின் ஆர்டர் டேபிளில் (அட்டவணையில்) பொருள் எண்களைக் கமா போட்டு ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டு, தொகையை ஒவ்வொரு முறையும் பொருள் டேபிளிலிருந்து கணக்கிடுகிறீர்கள். வினையே அங்கேதான்.

ஆர்டர் டேபிளில் யார், எப்போது, எந்த முகவரிக்கு என்பது மட்டும் இருக்கட்டும். ஆர்டரின் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரிசை வரும்படி இன்னொரு டேபிள் போடுங்கள்: ஆர்டர் எண், பொருள் எண், எண்ணிக்கை, வாங்கிய நேரத்து விலை. கடைசியாகச் சொன்னதை வீண் நகல் என்று யாராவது எடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பொருள் டேபிளில் இருப்பது இன்றைய விலை. இது அன்று பேசி முடித்த விலை.

விலையைச் சேமிக்கும் எண் வகையாக ஃப்ளோட் (பின்னத்தைத் தோராயமாக வைப்பது) வேண்டாம், டெசிமல் (தசம எண்ணைத் துல்லியமாக வைப்பது) வையுங்கள். ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது: படிவத்தில் மறைத்து வைத்த விலையை அப்படியே சேமிக்கிறீர்கள். பிரவுசரில் யார் வேண்டுமானாலும் அதை 1 என்று மாற்றி அனுப்பலாம். பொருள் எண்ணையும் எண்ணிக்கையையும் மட்டும் வாங்கிக்கொண்டு, விலையை டேட்டாபேஸிலிருந்தே எடுங்கள்.

இருப்பைப் பார்ப்பதும் குறைப்பதும் தனித்தனி வினவலாக (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையாக) இருந்தால், கடைசிப் பொருள் ஒரே நேரத்தில் வாங்கும் இரண்டு பேருக்கு விற்றுவிடலாம். 'இருப்பு போதுமானால் குறை' என்று ஒரே அப்டேட் கட்டளையில் எழுதுங்கள். அதனால் டேபிளில் எந்த வரிசையும் மாறவில்லை என்றால் சரக்கு இல்லை, ரோல்பேக் (அதுவரை செய்த மாற்றங்களை ரத்து) செய்துவிடுங்கள். இதையும் ஆர்டர் பதிவையும், எல்லாமே நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று உறுதி தரும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைப்பது முக்கியம்.