போட் கார்ப்பெட் தேஞ்சு போச்சு, ஒட்டுப் போட்டா நிக்குமா?

கேள்வி: அலுமினிய மீன்பிடி போட் வெச்சிருக்கேன். முன் டெக்குல சீட் கம்பத்தைச் சுத்தி கார்ப்பெட் தேஞ்சு அடிப்பக்கம் தெரியுது, ஸ்டோரேஜ் மூடிகிட்ட ஓரம் தூக்கிட்டு நிக்குது. ரிப்பேர்காரர் மொத்த டெக்கையும் மாத்தணும்ங்கறார். அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டா போதாதா?

போதும். ஆனா ஒண்ணு கேக்கறேன், அவர் அந்த தூக்கிட்டு நிக்கற ஓரத்தைப் பிடிச்சு உரிச்சு கீழ பாத்தாரா? பாக்காம மேல நின்னுகிட்டே மொத்தமா மாத்தணும்னு சொல்லியிருந்தா அந்தாளை விட்டுடுங்க. கார்ப்பெட் தேயறது பெரிய விஷயமே இல்ல, அது தேயறதுக்குத்தான் இருக்கு, கீழ இருக்கற ப்ளைவுட் எப்படி இருக்குங்கறதுதான் கேள்வி. சீட்டைக் கழட்டி, ஸ்க்ரூ ஓட்டைகிட்ட ஒரு ஸ்க்ரூ ட்ரைவரால குத்திப் பாருங்க. தண்ணி முதல்ல இறங்கறது அந்த ஓட்டை வழியாத்தான். முனை டக்குனு நின்னா மரம் நல்லா இருக்கு, நனைஞ்ச அட்டையில குத்தின மாதிரி உள்ள போச்சுன்னா அந்தப் பலகையை மாத்தாம மேல எந்த கார்ப்பெட் ஒட்டினாலும் வேஸ்ட்.

மரம் நல்லா இருக்குன்னே வெச்சுப்போம். புதுத் துண்டு வாங்கினா கலர் சேராது, பழசு வெயில்ல வெளுத்திருக்கும், அதனால கண்ணுக்குப் படாத ஒரு மூலையில, இல்ல சீட் பேஸுக்கு அடியில மறையற இடத்துல இருந்து ஒரு துண்டு வெட்டி எடுங்க. அதைத் தேஞ்ச இடத்து மேல வெச்சு கையால தடவிப் பாருங்க, முடி ரெண்டுலயும் ஒரே பக்கம் படுக்கணும், இல்லன்னா அதே கார்ப்பெட்டே வேற கலர் மாதிரி தெரியும். அப்புறம் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடிச்சு, புது ப்ளேடால மேல் துண்டையும் கீழ இருக்கற பழசையும் சேத்து ஒரே வெட்டா வெட்டுங்க. தனித்தனியா அளந்து வெட்டினா கட்டாயம் இடைவெளி விழும். பழைய பசையை ஹீட் கன் (சூடான காத்தை ஊதற கருவி) வெச்சு லேசா இளக்கி சுரண்டி எடுங்க, லேசான்னா லேசாத்தான், போட் கார்ப்பெட் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், 160 டிகிரி பக்கம் வந்தா பக்கத்துல இருக்கற நல்ல கார்ப்பெட்டும் உருகிடும். பெட்ரோல் டேங்க் பக்கத்துல இருந்தா ஹீட் கன்னைத் தொடவே தொடாதீங்க.

பசைதான் எல்லாரும் ஏமாறற இடம். டின் மேல நங்கூரம் படம் போட்டு மரைன்னு எழுதிட்டா விலை ஏறிடும், உள்ள என்ன இருக்குன்னு எவனும் கேக்கறதில்ல. நீங்க பாக்க வேண்டியது, வெளி உபயோகத்துக்கான கார்ப்பெட் பசையா, தண்ணி பட்டா விடாதுன்னு போட்டிருக்கா, அவ்வளவுதான். வீட்டுக்குள்ள ஒட்டற பசையும் ரெண்டு பக்க டேப்பும் இங்க நிக்காது. பல்லு வெட்டின பட்டி ப்ளேடால டெக் மேல தடவி, டின்ல சொன்ன நேரம் விட்டு, துண்டை வெச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்தி, மேல கனமா ஏதாவது ஏத்தி ஒரு நாள் விட்டுடுங்க.

இன்னொரு கும்பல் இருக்கு, பழசை உரிக்காம அது மேலயே புதுசை ஒட்டிட்டு மொத்தமும் மாத்திட்டேன்னு பில் போடறவங்க. ஸ்டோரேஜ் மூடி திடீர்னு சரியா மூடலைன்னா சந்தேகப்படுங்க, கார்ப்பெட் தடிமன் கூடியிருக்கும், கீழ ரெண்டு அடுக்குல தண்ணி தேங்கி மரம் அழுகிட்டே இருக்கும். போட் கம்பெனிக்காரங்களும் ஒண்ணும் யோக்கியமில்ல, கரடுமுரடான ப்ளைவுட்டை மறைக்க கார்ப்பெட் சுலபம்னு ஒட்டி விக்கறான், கிழிஞ்சா தேய்மானம்னு சொல்லி வாரன்டியில இருந்து கழண்டுக்கறான்.

ஒருவேளை பலகையை மாத்த வேண்டி வந்தா, உங்களுது அலுமினிய போட்ங்கறதால இதை மட்டும் நல்லா மண்டையில ஏத்திக்குங்க. அழுகாம இருக்க மருந்து ஏத்தின மரம்னு சொல்லி ஒருத்தர் போட வருவார், நல்ல எண்ணத்துலதான் சொல்லுவார், வேண்டாம்னு சொல்லுங்க. அந்த மருந்துல பெரும்பாலும் செம்பு இருக்கும், ஈரம் பட்டா அது அலுமினியத்தை அரிச்சு ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும். மேல பெயின்ட் அடிச்சுட்டா போதுமேன்னு கேப்பார், ஒரு ஸ்க்ரூ கீறினா பெயின்ட் போச்சு. பைபர் போட்டுக்கு இந்தக் கவலை கிடையாது, உங்களுக்கு உண்டு. மருந்து ஏத்தாத மரைன் ப்ளை, அதாவது போட்டுக்குன்னு செய்யற ப்ளைவுட் வாங்கி, மேல், கீழ், நாலு ஓரம், ஸ்க்ரூ ஓட்டைக்குள்ளன்னு எங்கயும் விடாம எபாக்ஸிங்கற தண்ணி புகாத பூச்சை அடிக்கச் சொல்லுங்க. ஓரத்தை மட்டும் விட்டுடுவாங்க, பக்கத்துலயே நில்லுங்க.

சீட்டைத் திரும்ப மாட்டறப்போ ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையிலயும் கொஞ்சம் சீலன்ட் விட்டு இறுக்குங்க.