எதற்கு எது தீனி? தருமபுரி, கிருஷ்ணகிரி கேள்விகளும் பதில்களும்

அரூர்: ஐயா, வெள்ளாடு ரேஷன் அரிசியை ஒரு படிக்கு மேல் தின்றுவிட்டது. வயிறு உப்பி, அசை போடாமல் நிற்கிறது.

இது உயிருக்கே ஆபத்து. தழை, தவிடு எதுவும் வேண்டாம், காய்ந்த வைக்கோல் மட்டும் போடுங்கள். ஆட்டின் முதல் வயிற்றில் தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாவுச்சத்து மொத்தமாய் இறங்கினால் அங்கே புளிப்பு ஏறி அவை மடியும். புளிப்பு ரத்தத்தில் கலந்தால் ஆடு தள்ளாடும், தண்ணீராய்க் கழியும், படுத்துவிடும். 20 கிலோ ஆடு என்றால் 20 கிராம் ஆப்பசோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். சோடா கொடுத்தாயிற்று என்று இருக்காமல் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள், 1962-க்கு அழைக்கலாம். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு வாளி நிறையப் பொங்கல் வைத்தாலும் இதே கதிதான். ஒரு பிடி போதும்.

பென்னாகரம்: சோளம் அறுத்த காட்டில் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்திருக்கிறது. மாட்டை விடலாமா அண்ணா?

விடவே விடாதீர்கள். இளந்துளிரிலும் வறட்சியில் வாடிய பயிரிலும் சயனைடு விஷம் ஏறியிருக்கும். மேய்ந்த சிறிது நேரத்திலேயே மூச்சிரைத்து விழும். பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காய்ந்த தட்டாகப் போடுங்கள்.

பர்கூர்: நாட்டுக்கோழிக்கு ராகிதான் போடுகிறேன். அதில் சுண்ணாம்புச்சத்து அதிகமாயிற்றே, ஏன் ஓடு கட்டாத தோல் முட்டை இடுகிறது?

நமக்குத்தானம்மா அது அதிகம். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு முட்டை ஓட்டுக்கே 2 கிராம் அளவுக்கு வேண்டும். கிளிஞ்சலை மிளகு அளவுக்கு உடைத்துத் தனிக் கொட்டாங்குச்சியில் வையுங்கள். தீனியோடு கலந்தால் குஞ்சுகளும் தின்று சிறுநீரகம் கெடும். ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவில் என்பதால் சாயங்காலம் தேடிக் கொத்தும். அந்த நேரத்தில் காலியாக விடாதீர்கள்.

பாலக்கோடு: கூட்டிலிருந்து விழுந்த சிட்டுக்குருவிக் குஞ்சுக்குப் பால்சோறு கொடுக்கலாமா சார்?

பறவைக்குப் பால் செரிக்காது. பெரிய குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். குஞ்சைக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள், கை பட்டதற்காகத் தாய் ஒதுக்காது. அலகில் தண்ணீர் சொட்ட வேண்டாம், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

தேன்கனிக்கோட்டை: காட்டில் இவ்வளவு தழை இருக்க, யானை ஏன் ராகிக்கு வருகிறது?

ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தின்றாலும் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியேறிவிடும். காட்டுப் புல்லைவிட ராகிக் கதிரில் சத்து அதிகம், ஒரே இடத்தில் வயிறு நிறைய கிடைக்கவும் செய்கிறது. அதனால் பால் பிடிக்கும் பருவத்திலிருந்தே தேடி வரும். அறுத்த கதிரைக் காட்டோர வயலில் போராக விட்டுவைக்காமல், கையோடு ஊருக்குள் களத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.