மின் ஸ்கூட்டர் வாங்கினால் ஊர்க்காரர்களோடு பழக்கம் கூடுமா?

கூடும், ஆனால் எல்லா வண்டியிலும் அல்ல. நான் சொல்வது பதிவெண்ணோ ஓட்டுநர் உரிமமோ தேவைப்படாத சின்ன வண்டியை. அதன் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வேகத்தில் யாரையும் பார்க்காததுபோல் கடந்துவிட முடியாது. இன்ஜின் சத்தமும் இல்லாததால், வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருப்பவர் "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று கேட்டால் வண்டியை அணைக்காமலே பதில் சொல்லலாம்.

பழக்கத்தை உண்மையில் வளர்ப்பது பேட்டரிதான். 48 வோல்ட், 24 ஆம்பியர் மணி பேட்டரி முழுதாக நிரம்ப ஒன்றரை யூனிட் போதும். அதனால் கும்பகோணம் போய்த் திரும்பும் வழியில் சார்ஜ் குறைந்தால், தெரிந்தவர் திண்ணையோரத்துப் பிளக்கைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் நிரம்பப் பல மணி நேரமாகும். அவர்கள் காபி தராமல் விடமாட்டார்கள், நீங்களும் ஊர்க்கதை கேட்காமல் கிளம்ப முடியாது! அடிக்கடி போனால் கணக்குப் பார்த்துப் பணமோ, மறுக்கிறார்களென்றால் ஒரு சீப்பு வாழைப்பழமோ கொடுத்துவிடுங்கள்.

சத்தமின்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தை மாதச் சம்பா அறுவடையில் தார்ச்சாலையில் நெல் காயும். குனிந்து நெல்லைக் கிளறுபவருக்கு நீங்கள் வருவது கேட்காது. தூரத்திலேயே ஹார்ன் அடியுங்கள், நெல்லின்மீது ஏற்றாதீர்கள். ஏற்றினால் பழக்கமாவது, பகைதான் மிஞ்சும்.