எலக்ட்ரானின் ஸ்பின்னை நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா?

இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "குறைகடத்திக்குள் எலக்ட்ரானின் ஸ்பின்னை ஒளி நுண்ணோக்கியில் பார்த்ததாகப் படித்தேன். அணுவையே பார்க்க முடியாத நுண்ணோக்கியில் இது எப்படி?"

நியாயமான சந்தேகம். தனி எலக்ட்ரான் எதுவும் அதில் தெரியாது. லேசரை எவ்வளவு குவித்தாலும் புள்ளியின் அகலம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டரில் வந்து நின்றுவிடும். அந்தப் புள்ளிக்குள் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்கள் இருக்கும். ஸ்பின் என்பது ஒவ்வொரு எலக்ட்ரானையும் ஒரு குட்டிக் காந்தம் போல ஆக்கும் இயல்பு. அந்தக் கூட்டத்தில் மேல்நோக்கிய ஸ்பின் அதிகமா, கீழ்நோக்கியது அதிகமா என்று மட்டும்தான் ஒளி சொல்லும். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் ஐந்து வருடம் இதே வேலையைச் செய்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளஸ் டூவில் தளவிளைவு படித்திருப்பீர்கள். ஒரே தளத்தில் அதிர்கிற ஒளியை, இடப்பக்கம் சுழலும் ஒளியும் வலப்பக்கம் சுழலும் ஒளியும் சமமாகச் சேர்ந்ததாக எண்ணிக்கொள்ளலாம். காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் ஒரு பக்க ஸ்பின் கொண்ட எலக்ட்ரான்கள் கூடுதலாக இருந்தால், இந்த இரண்டு ஒளிக்கும் அந்தப் பொருள் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. விளைவு, பட்டுத் திரும்பும் ஒளியின் தளம் துளி சாய்ந்திருக்கும். காந்தத்தில் பட்டுத் திரும்பும் ஒளியில் இந்தச் சாய்வை 1870களில் ஜான் கெர் கண்டுபிடித்தார். ஊடுருவிச் செல்லும் ஒளியில் ஃபாரடே அதற்கு முன்பே, 1845இல், பார்த்துவிட்டார்.

நாங்கள் அளந்த சாய்வு பத்து மைக்ரோரேடியன் அளவு. ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற தென்னை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்ததை இங்கிருந்து கண்டுபிடிப்பதற்குச் சமம்.

முதலில் வட்டமாகச் சுழலும் லேசர் துடிப்பு ஒன்றை அனுப்பி ஸ்பின்களை ஒரு பக்கம் திருப்ப வேண்டும். அது பம்ப். சற்றுத் தாமதித்து வரும் இரண்டாவது துடிப்பு நிலவரத்தைப் பார்த்துவரும். அது ப்ரோப். தாமதத்தை அளக்கக் கடிகாரம் கிடையாது. பள்ளிக்கூட அடி ஸ்கேலின் நீளத்தைக் கடக்க ஒளிக்கு ஒரு நானோ வினாடி ஆகும். அதனால் ப்ரோப் பட்டுத் திரும்பும் ஒரு கண்ணாடியைத் தண்டவாளத்தில் பின்னுக்குத் தள்ளினால் போதும். போக வர இரண்டு முறை கணக்கு என்பதால் 15 சென்டிமீட்டர் தள்ளினாலே ஒரு நானோ வினாடி தாமதம் கிடைத்துவிடும்.

இப்போது ஒரு டெஸ்லா காந்தப்புலம் கொடுங்கள். காலியம் ஆர்சனைடில் ஸ்பின்கள் சுமார் 160 பிக்கோ வினாடிக்கு ஒரு சுற்று சுற்றும். கண்ணாடி நகர நகரத் திரையில் கோடு ஏறி இறங்கி, மெல்ல மெல்லத் தேயும். நான் அதை முதன்முதலில் பார்த்தபோது இரவு இரண்டு மணி. அன்றைக்குத் தூங்கவே இல்லை.

ஆனால் அதற்கு முந்தைய மாதம் நடந்ததை அவசியம் சொல்ல வேண்டும். குறைகடத்திப் பட்டையின் இரண்டு ஓரத்திலும் பளிச்சென்று சிக்னல் வந்தது. மின்னோட்டம் போகும்போது எதிரெதிர் ஸ்பின்கள் இரண்டு ஓரங்களிலும் சேரும் என்று 1971இல் டியாகனோவும் பெரெலும் கணித்திருந்தார்கள். அதுதான் ஸ்பின் ஹால் விளைவு. குறைகடத்தியில் அதை 2004இல் கத்தோவும் ஆஷலம் குழுவினரும் கெர் நுண்ணோக்கியில் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். நானும் அந்த மாதிரி ஏதோ ஒன்றைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து, அடுத்த அறையிலிருந்த சீனியர் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவர் எதுவும் கேட்கவில்லை. மேசையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து ப்ரோப் கற்றையின் குறுக்கே நீட்டினார். சிக்னல் அப்படியே இருந்தது.

"ப்ரோப்பே போகலயேடா, அப்புறம் எதைப் பாக்குற?" என்றார்.

பட்டையின் ஓரத்தில் பட்டுச் சிதறிய பம்ப் ஒளிதான் உணர்கருவிக்குள் புகுந்திருந்தது. மூன்று வாரத் தரவும் போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் முதல் வேலை ப்ரோப்பை மறைத்துப் பார்ப்பது. அடுத்து, பம்ப் சுழலும் திசையை மாற்றினால் சிக்னலின் குறி மாறுகிறதா என்று பார்ப்பது. இந்த இரண்டையும் தாண்டாத எந்த வண்ணப் படத்தையும் நான் நம்புவதில்லை, யாருடையதாக இருந்தாலும்.

சென்னைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. நாங்கள் சோதிக்கும் குறைகடத்தித் துண்டு மைனஸ் 260 டிகிரிக்கும் கீழே இருக்கும், அதைச் சுற்றி வெற்றிடம். வெற்றிடம் லேசாகக் கெட்டாலும் வெளிச் சன்னல் குளிர்ந்து, ஜில் மோர் டம்ளர் மாதிரி வியர்த்துவிடும். ஐப்பசி மழையில் வெற்றிட மானியைவிட முதலில் எச்சரித்தது அந்த வியர்வைதான்.

சிலிக்கானில் இதைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்வது மிகக் கடினம். சிலிக்கான் ஒளியை நேரடியாக விழுங்கி எலக்ட்ரானை மேலேற்றுகிற பொருள் அல்ல. அதில் ஒளிக்கும் ஸ்பின்னுக்கும் உள்ள தொடர்பும் மிகப் பலவீனமானது. காலியம் ஆர்சனைடிலேயே, எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகளின் அமைப்பு காரணமாக, திருப்பிவிட முடிகிற ஸ்பின் அதிகபட்சம் 50 சதவீதம்தான்.

தளம் திரும்புவதை நீங்களே பார்க்க, உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சர்க்கரைக் கரைசலுக்கு வைத்திருக்கும் போலாரிமீட்டர் போதும். பூட்டி வைத்திருந்தால் ரிச்சி தெருவில் இரண்டு பழைய கால்குலேட்டர் வாங்கித் திரையின் மேலுள்ள படலத்தை உரித்துக்கொள்ளுங்கள். ஒரு படலம் விளக்குக்கு முன்னால், இன்னொன்று உங்கள் கண்ணுக்கு முன்னால், நடுவே கெட்டியான சர்க்கரைத் தண்ணீர். ஒரு படலத்தை மெல்லத் திருப்புங்கள், நிறம் மாறும். சர்க்கரை வழியே சென்ற ஒளியைக் கண்ணாடி வைத்து அதே வழியில் திருப்பி அனுப்பினால் திரும்பிய கோணம் சுழியாகிவிடும். ஃபாரடே பார்த்த, காந்தப்புலத்தால் வரும் சுழற்சியோ இரட்டிப்பாகும். ஏன் இந்த வேறுபாடு என்று காகிதத்தில் படம் போட்டுப் பாருங்கள். எங்காவது சிக்கினால் கருத்தில் எழுதுங்கள்.