வயதான செல்களை நீக்கிவிட்டால் முதுமையும் நோயும் வராதா?

எலியில் ஓரளவு நடக்கிறது. மனிதரில் இன்னும் நிரூபணமாகவில்லை.

ஆராய்ச்சிப் படிப்புக்காக மூன்று வருடம் மனிதத் தோல் செல்களை வளர்த்தவன் நான். இளசான செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒல்லியாக, காற்றில் ஒரே பக்கம் சாய்ந்த புல் மாதிரி இருக்கும். தட்டு நிறைந்ததும் பிரித்துப் புதுத் தட்டில் போட்டால் சில நாளில் மறுபடி நிறைந்துவிடும். மாதக்கணக்கில் இப்படியே போய், ஒரு கட்டத்துக்கு அப்புறம் வாரங்கள் ஆனாலும் பாதித் தட்டு காலியாகவே கிடக்கும். செல் ஒவ்வொன்றும் தட்டையாகப் பரந்து, ஓரம் எங்கே முடிகிறதென்றே தெரியாது. சாகாது, பிரியவும் பிரியாது, தீனி மட்டும் கேட்கும்.

இதை 1961இல் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள்: மனித செல் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்து நின்றுவிடும். அதுவரை செல்கள் சாகாவரம் பெற்றவை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிரிதலிலும் குரோமோசோம் நுனியான டெலோமியர் தேய்வது முக்கியக் காரணம். ஆனால் அது மட்டுமே காரணமில்லை, டிஎன்ஏ பழுதானாலும் செல் இப்படி நின்றுவிடும்.

இப்படி நின்றுபோனதுதான் வயதான செல். அது சும்மா இருந்தால் பரவாயில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுற்றிலும் கசியவிட்டு, பக்கத்தில் நன்றாக இருக்கும் செல்லையும் கெடுக்கிறது. மூட்டுத் தேய்மானம், ரத்தக்குழாய்த் தடிப்பு என்று பலவற்றோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். 2016இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வுக் குழு, மரபணு மாற்றிய எலிகளில் நடுவயதிலிருந்தே இந்தச் செல்களைக் கொன்றுவந்தபோது, எலிகளின் ஆயுள் ஏறக்குறைய கால்பங்கு கூடியது. பத்திரிகைகள் குதித்தன.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் நீக்கிவிடலாமே? உங்கள் உடம்பில் இருக்கும் மச்சத்தைப் பாருங்கள். பெரும்பாலான மச்சங்களில், மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் காணப்படும் அதே மரபணுப் பிறழ்வு இருக்கிறது. ஆனாலும் அந்தச் செல்கள் கொஞ்சம் பெருகிய பிறகு பிரிவதை நிறுத்திக்கொண்டதால்தான் அது மச்சமாகவே இருக்கிறது. காயம் ஆறுவதற்கும் இந்தச் செல்கள் தற்காலிகமாக உதவுகின்றன. இளமையில் காப்பாற்றுகிற ஏற்பாடே பிற்காலத்தில் தொல்லையாகிறது என்பது என் கணிப்பு.

இன்னொரு சிக்கல், அந்தச் செல் எது என்று கண்டுபிடிப்பது. வயதான செல்லில் நீலம் பிடிக்கிற சாயச் சோதனை ஒன்று உண்டு. அதை கார்பன் டை ஆக்சைடு இல்லாத அடைகாப்பானில் (செல்களைக் கதகதப்பாக வைக்கும் பெட்டி, இன்குபேட்டர்) வைக்க வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில், அந்த வாயு உள்ள வழக்கமான அடைகாப்பானில் வைத்துவிட்டேன். வாயு கரைந்து அமிலம் கூடி, மறுநாள் காலையில் இளசு கிழடு எல்லாம் நீலம். சரியாகச் செய்தாலும் அது ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது, வேறு இரண்டு மூன்று அடையாளங்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும். தட்டிலேயே இந்தப் பாடு என்றால் உடம்புக்குள் யோசித்துப் பாருங்கள்.

முழங்கால் தேய்மானத்துக்கு, வயதான செல்களைக் கொல்லும் மருந்து ஒன்றை ஊசியாகப் போட்டுப் பார்த்த மனிதச் சோதனை 2020இல் தோற்றது. மருந்தில்லாத வெறும் ஊசியைவிட வலி குறையவில்லை. இணையத்தில் குவெர்செடின் என்ற தாவரப் பொருளின் மாத்திரையை இளமை மருந்து என்று விற்பார்கள். வயதான செல்களைக் கொல்ல எலிகளில் அதை டாசாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், அதை விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள்.