ஆளுநர் பதில் எழுதாத நான்கு கடிதங்கள்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சின்ன வயதிலிருந்து கௌபாய் காமிக்ஸ் படிப்பவன் நான். துப்பாக்கிச் சண்டை, காதல், கடைசியில் கோர்ட் காட்சி என்று ஒரே கதையில் எல்லாம் வருகிறது. நிஜத்தில் கொள்ளைக்காரனைப் பிடித்த இடத்திலேயே சுட்டிருப்பார்கள்தானே? கோர்ட் வரைக்கும் போன ஆள் யாராவது உண்டா? (சேலம் வாசகர்)

பதில்: உண்டு. எல்லோருக்கும் தெரிந்த பில்லி த கிட்தான் அந்த ஆள். அவன் சுட்டதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவன் வழக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முப்பத்தோரு வருஷம் செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் என்பதால் எனக்கு அந்த வழக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லிங்கன் என்று ஒரு சின்ன ஊர். ஊர் வியாபாரம் முழுக்க மர்ஃபி, டோலன் என்ற இருவரின் கடையின் பிடியில் இருந்தது. டன்ஸ்டால் என்ற இங்கிலாந்துக்கார இளைஞர் போட்டிக்குக் கடை போட்டார். 1878 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பில்லி அவரிடம் வேலை பார்த்த பையன். ஏப்ரல் 1-ம் தேதி, மர்ஃபி-டோலன் பக்கம் நின்ற ஷெரிஃப் (மாவட்டக் காவல் அதிகாரி) பிரேடி தெருவில் நடந்து வரும்போது பில்லியும் கூட்டாளிகளும் மறைந்திருந்து சுட்டார்கள். பிரேடி செத்துப்போனார். வழக்கு அதுதான்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். மறு வருஷம் அதே ஊரில் ஒரு வக்கீலைக் கொன்றார்கள். பில்லி அதை நேரில் பார்த்தவன். அப்போது ஆளுநராக இருந்தவர் லூ வாலஸ். 'பென் ஹர்' நாவலை எழுதிய அதே வாலஸ்தான். 1879 மார்ச்சில் ஓர் இரவு லிங்கனில் ஒரு வீட்டில் இருவரும் ரகசியமாகச் சந்தித்தார்கள். ஒரு கையில் வின்செஸ்டர் ரைஃபிள், இன்னொரு கையில் கைத்துப்பாக்கியுடன் பில்லி உள்ளே வந்தான் என்று வாலஸே பின்னால் சொல்லியிருக்கிறார். சாட்சி சொன்னால் வழக்கிலிருந்து விடுவிக்கிறேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. அதற்கு முன்பே, தனக்கு அந்த அதிகாரம் உண்டு என்று கடிதத்திலும் எழுதியிருந்தார். பையன் நம்பினான். பேசி வைத்தபடி கைதாகி, கிராண்ட் ஜூரி (வழக்கு தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) முன்னால் சாட்சியும் சொன்னான்.

நம் கோர்ட் பாஷையில் இவன் அப்ரூவர், அதாவது மன்னிப்புக்காக அரசு தரப்பில் சாட்சி சொல்பவன். நம் ஊரில் அப்ரூவருக்கு மன்னிப்பு கொடுப்பதென்றால் மாஜிஸ்ட்ரேட் காரணம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தாள் வழக்குக் கட்டோடு சேர்ந்துவிடும். பில்லிக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. வாக்கு ஆளுநரிடம் இருந்தது, வழக்கு அரசு வக்கீலிடம் இருந்தது. அவர் வழக்கை வாபஸ் வாங்க மறுத்து, விசாரணையை வேறு மாவட்டத்துக்கு மாற்றிக் கொண்டுபோய்விட்டார். ஜூன் மாதம் பில்லி குதிரையேறிப் போய்விட்டான். அவன் மாடு திருடியது, ஆள் சேர்த்தது எல்லாவற்றையும் நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அந்த இடத்தில் அவனுக்கு நடந்தது அநியாயம்.

1880 டிசம்பரில், லிங்கனின் அடுத்த ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பேட் கேரட் அவனைப் பிடித்தார். சாண்டா ஃபே சிறையிலிருந்து மூன்று மாதத்தில் ஆளுநருக்கு நான்கு கடிதம் எழுதினான். நான் சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன், நீங்கள் சொன்னதில் ஒன்றும் செய்யவில்லை என்று ஒன்றில் எழுதியிருக்கிறான். பதிலே வரவில்லை.

1881 ஏப்ரலில் மெஸீயா என்ற ஊரில் விசாரணை. குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஜூரியில் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். நீதிபதி பிரிஸ்டல், டோலன் தரப்புக்கு வேண்டியவர் என்று பெயரெடுத்தவர். ஜூரிக்கு அவர் கொடுத்த அறிவுரை இன்றும் இருக்கிறது. முதல் தரக் கொலை, இல்லாவிட்டால் விடுதலை, நடுவில் வேறு எதுவும் கிடையாது என்பது அதன் சாரம். ஷெரிஃபைக் கொன்ற வழக்கில் எந்த ஜூரி விடுதலை செய்யும்? ஏப்ரல் 13-ம் தேதி தூக்குத் தண்டனை விதித்தார்கள். மே 13-ம் தேதி லிங்கனில் தூக்கில் போட வேண்டும் என்று தீர்ப்பு. அத்தனை பேர் செத்த லிங்கன் சண்டையில் தண்டனை பெற்றவன் இந்த ஒருத்தன்தான்.

கேள்வி: பில்லி த கிட் தப்பித்தும் மெக்சிகோவுக்கு ஓடாமல் காதலிக்காகத் திரும்பி வந்து செத்தான் என்கிறார்களே, உண்மையா? (காரைக்குடி வாசகி)

பதில்: தப்பித்தது உண்மை. தூக்குக்காக அவனை லிங்கனில் காவலில் வைத்திருந்தார்கள். ஏப்ரல் 28-ம் தேதி கேரட் ஊரில் இல்லை. காவலர் ஒலிங்கர் மற்ற கைதிகளைச் சாப்பிட எதிர் ஓட்டலுக்குக் கூட்டிப்போயிருந்தார். பில்லி முதலில் பெல் என்ற காவலரைச் சுட்டான். சத்தம் கேட்டு ஓடிவந்த ஒலிங்கரை, அவருடைய துப்பாக்கியாலேயே மாடி ஜன்னலிலிருந்து சுட்டான். அந்தக் கட்டடம் எது தெரியுமா? சண்டைக்கே காரணமான மர்ஃபி-டோலன் கடைதான். கடை நொடித்த பிறகு அதைத்தான் மாவட்ட கோர்ட்டாக மாற்றியிருந்தார்கள். இப்போது அருங்காட்சியகம். மாடிப்படிச் சுவரில் ஒரு ஓட்டையைக் குண்டு பாய்ந்த தடம் என்று இன்றும் காட்டுகிறார்கள்.

எல்லையைத் தாண்டாமல் ஃபோர்ட் சம்னருக்குத்தான் போனான். அங்கே மேக்ஸ்வெல் குடும்பத்துப் பெண் பாலீட்டாவோடு அவனைச் சேர்த்துப் பேசுவார்கள். வயதான பிறகு அந்த அம்மாவே அதை மறுத்திருக்கிறார். அவர் வார்த்தையை மீறிக் காதல் கதை கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஜூலை 14-ம் தேதி ராத்திரி, அவருடைய அண்ணன் பீட்டின் இருட்டு அறைக்குள் பில்லி நுழைந்தான். கட்டிலருகே ஓர் உருவம். "யார் அது?" என்று ஸ்பானிஷில் கேட்டான். கேரட் சுட்டுவிட்டார். இருபத்தொன்றோ என்னவோ வயது.

கேள்வி: அவன் இடதுகைக்காரனா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. அவனுடையது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற புகைப்படம் தகரத் தட்டில் எடுத்தது. அந்த முறையில் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக விழும். கையிலுள்ள வின்செஸ்டரில் தோட்டா போடும் வாய் தப்பான பக்கம் இருப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதே தட்டு 2011-ல் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

கேள்வி: தமிழில் ஒரு வெஸ்டர்ன் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோர்ட் காட்சி வந்ததும் வக்கீல்கள் வசனம் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், கதை நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்? (கோவை வாசகி)

பதில்: வக்கீலைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு சாட்சியைப் பாருங்கள். என் கோர்ட்டில் ஒரு கொலை வழக்கில் அப்ரூவர் ஒருவர் கூண்டில் ஏறி நின்றார். எதிரே நிற்பது அவருடைய சொந்த மச்சான். கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த விரல்கள் நகத்தடி வரை வெளுத்துவிட்டன. அரைமணி நேரம் கையை எடுக்கவே இல்லை. இறங்கிப் போன பிறகும் கட்டையில் ஈரம் இருந்தது. அன்று வக்கீல்கள் பேசியது எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

இன்னொன்று. ஜூரி உண்டென்றால் அவர்கள் முகத்தையும் எழுதுங்கள். நம் நாட்டில் 1973-ம் வருஷச் சட்டத்தோடு ஜூரி முறை போய்விட்டது. அதனால் நம் எழுத்தாளர்கள் நீதிபதியை மட்டும் பார்த்து எழுதுகிறார்கள். மெஸீயாவில் நீதிபதி ஆங்கிலத்தில் பேசியதை ஜூரிக்கு ஸ்பானிஷில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. தன் உயிர் இரண்டு மொழிகளுக்கு நடுவே கைமாறுவதை ஒருத்தன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தை எழுதிப் பாருங்கள் அம்மா.

அதற்கும் முன்னால் மார்ச் 27-ம் தேதி இருக்கிறது. கடைசிக் கடிதம் அன்றுதான். இரண்டு மூன்று வரிதான் இருக்கும். கடைசித் தடவையாகக் கேட்கிறேன், வாக்கைக் காப்பாற்றுவீர்களா, நாளை என்னைத் தெற்கே கொண்டுபோகிறார்கள் என்று எழுதியிருக்கிறான். உங்கள் கோர்ட் காட்சியை அந்தக் கடிதத்திலிருந்து தொடங்குங்கள்.