திருவிழாச் சண்டைக்குக் கட்டிய ஃபைன், வேலைக்குத் தடையாகுமா?

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். 2018-ல் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, ஊர்த் திருவிழாவில் இரண்டு தெருப் பையன்களுக்குள் கைகலப்பு. என் மேலும் 294(பி) (பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது), 323 (அடித்துக் காயப்படுத்தியது) பிரிவுகளில் கேஸ் போட்டார்கள். சில மாதம் கழித்து கோர்ட்டில், ‘ஒத்துக்கிட்டா ஃபைனோட முடிஞ்சிரும்’ என்று கூட இருந்தவர்கள் சொன்னதால் ஒத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய் கட்டினேன். போன வருடம் போலீஸ் வெரிஃபிகேஷனில் இது தெரிந்து ஒரு கம்பெனி வேலை கைநழுவியது. இப்போது குரூப் 4-க்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ‘வழக்கு இல்லைன்னு போடு, யார் பார்க்கப் போறா’ என்கிறார் மாமா. இந்தப் பதிவை அழிக்க வழியே இல்லையா?

பதில்: அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. ‘பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு’ என்கிறீர்கள். அந்தக் கட்டத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். சண்டை நடந்த அன்று உங்களுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டதா? கோர்ட்டில் நின்ற நாளைச் சொல்லவில்லை. சம்பவம் நடந்த நாளைத்தான் சட்டம் பார்க்கும். எஃப்.ஐ.ஆரில் வயது 19 என்று எழுதியிருந்தாலும் அது முடிவல்ல. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிக்குத்தான் முதல் மதிப்பு.

ஒருவேளை அன்று பதினெட்டு ஆகவில்லை என்றால் உங்கள் நிலைமையே வேறு. அந்த வழக்கு, பதினெட்டு ஆகாதவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போயிருக்க வேண்டியது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு உங்களைத் தண்டிக்கும் அதிகாரமே இல்லை. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, ‘அப்போது நான் மைனர்’ என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும் எழுப்பலாம். ஏழெட்டு வருடம் ஓடிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். அதே சட்டத்தின் 24-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. சிறுவயதில் செய்த தவறால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது, அந்தப் பதிவுகளையும் உரிய காலத்துக்குப் பின் அழித்துவிட வேண்டும். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவரின் வழக்கில், 2019-ல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதியாகச் சொன்னது. நீங்கள் கேட்ட ‘அழிக்கிற வழி’ நம் நாட்டில் தெளிவாக இருப்பது இந்த ஓரிடத்தில்தான்.

பதினெட்டு தாண்டியிருந்தால்? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தண்டனைக் காலத்தை ஒழுங்காக முடித்தவர் மனுப் போட்டு, அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்ய வைக்கலாம். அந்த மாதிரிப் பொதுவான சட்டம் இங்கே இல்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு ‘ஸ்டேஷன் ரெக்கார்டுல தூக்கிடறேன்’ என்று சொன்னால் கிட்டேயே சேர்க்காதீர்கள். தீர்ப்பை மாற்ற மேல் நீதிமன்றத்தால்தான் முடியும்.

அதற்கு உங்கள் வழக்கில் இடம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சின்ன வழக்குகள் வரிசையாகக் கூப்பிடப்படும் காலை நேரக் கோர்ட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயரைக் கூப்பிடுவார்கள், பையன் தலையாட்டுவான், அடுத்த பெயர் வந்துவிடும். என்ன குற்றத்தை ஒத்துக்கொண்டோம், அது பின்னால் என்ன செய்யும் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஆனால் சட்டம், குற்றத்தை ஒப்புக்கொள்பவர் சொன்ன வார்த்தைகளைக் கூடியவரை அப்படியே பதிவு செய்யச் சொல்கிறது. 1960-களில், நம் மாநிலத்திலிருந்து போன ஒரு கஞ்சா வழக்கில், இது வெறும் சம்பிரதாயம் இல்லை, கட்டாயம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். வழக்கு எண் எஸ்.டி.சி. அல்லது சி.சி. என்று தொடங்கும். ஃபைன் ரசீது இருந்தால் அதிலேயே இருக்கும். கோர்ட்டில் பழைய வழக்குக் கட்டுகள் அழிக்கப்படுவதற்குள் வாங்கிவிடுவது நல்லது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதே அதில் இல்லாமல், வெறும் அச்சடித்த படிவத்தில் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று மட்டும் இருந்தால், வக்கீலுக்கு நல்ல பிடி கிடைத்த மாதிரி.

தானே ஒப்புக்கொண்ட வழக்கில், குற்றவாளி என்ற முடிவை எதிர்த்து அப்பீல் போக முடியாது. கீழ்க் கோர்ட் செய்தது சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லும் மறுசீராய்வு மனுதான் போட வேண்டும். மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ போடலாம். 90 நாள் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, அதனால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனுவும் தேவை. மறுசீராய்வில் இன்னொரு வசதி உண்டு. அன்று அடிபட்டவர் இப்போது சமாதானத்துக்குச் சம்மதித்தால், 323-ஐ நீதிமன்ற அனுமதியோடு ராஜியாக முடிக்கலாம், அது விடுதலைக்குச் சமம். 294(பி) ராஜியாகும் பிரிவு இல்லை. அதற்கு உயர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள்தானே, பெரியவர் யாரையாவது வைத்துப் பேசிப் பாருங்கள்.

இதெல்லாம் பலிக்காவிட்டாலும், 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் ஃபைனை எச்சரிக்கையாக மாற்றும்படி அதே மறுசீராய்வில் கேட்கலாம். தீர்ப்பு அழியாது. ஆனால் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். மாமா சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டீர்களே, வெரிஃபிகேஷனில் அது வரத்தான் செய்யும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. மறைத்ததற்காகவே தேர்வை ரத்து செய்யலாம், சேர்ந்த பிறகும் வேலையிலிருந்து நீக்கலாம். அதே தீர்ப்பு, இளவயதில் நடந்த அற்ப வழக்குகளைப் பெரிதுபடுத்தாமல் விட இடமும் வைத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் வேலை உறுதி என்று என்னால் சொல்ல முடியாது. அதிகாரிகள் பரிசீலிக்கத்தான் செய்வார்கள். ஆனால் ஆயிரம் ரூபாய் ஃபைனுக்காக மறுப்பதைவிட, பொய் சொன்னதற்காக மறுப்பது அவர்களுக்கு ரொம்பச் சுலபம். அதனால் மறுசீராய்வில் உத்தரவு வரும்வரை வழக்கு எண், பிரிவு, தீர்ப்புத் தேதி, ஃபைன் தொகை எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள்.

போலீஸ் வேலைக்கும் போடுவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே விதி கடுமையானது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கணக்கில் எடுப்பார்கள். குரூப் 4-ஐ அதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம்.

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போகும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., ஃபைன் ரசீது மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். அதற்கு முன்னால், இன்று ராத்திரியே அந்த மார்க் ஷீட்டை எடுத்துப் பிறந்த தேதியையும் திருவிழாத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பதினெட்டுக்கு ஒரே ஒரு நாள் குறைந்திருந்தாலும் போதும்.